மகாஓயா சுடுதண்ணியில் கரண்ட் எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போனால் மகாஓயா வரும். அங்கே இருக்கும் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களும், இடைக்கிடை அரிசி ஆலைக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்பதால் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நியாயம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் உயர்தரப் பிள்ளைகள் தாங்களே சரிபார்க்கக்கூடியவை.

அந்தத் தண்ணி ஏன் சேர் சூடா வருது? கீழ எரிமலை ஏதும் கிடக்கா?

எரிமலை இல்லை. இலங்கையின் அடிப்பாறை மிகப் பழையது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும்; சராசரியாக ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, இன்னொரு வெடிப்பால் ஆறுவதற்கு முன்னரே மேலே வந்துவிடுகிறது. அதுதான் வெந்நீரூற்று.

நம் நாட்டு வெந்நீரூற்றுகளில் பல ஏறக்குறைய ஒரு வரிசையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: திருகோணமலைப் பக்கம் கன்னியா, அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, கபுரெல்ல, பதியத்தலாவைப் பக்கம் வகாவ, தெற்கே அம்பாந்தோட்டையில் மகாபெலெஸ்ஸ. உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் சொல்லும் இரண்டு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் இவை கிடக்கின்றன. அந்தப் பகுதியில் பாறை வெடிப்புகள் அதிகம். தண்ணீருக்கு அதுவே வழி.

எங்கட வீட்டுக் குழாய்க்கிணத்துத் தண்ணியும் விடியக்காலையில சூடா வருதே, அதுவும் இதுதானா?

இல்லை. நிலத்தடி நீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய 28 பாகையில் நிற்கும். மார்கழி விடியற்காலையில் காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால் தண்ணீர் சூடு போலத் தெரியும். அதே தண்ணீர் சித்திரை மத்தியானத்தில் உங்களுக்குக் குளிரும்.

மகாஓயாத் தண்ணியில முட்டை அவியும் எண்டுறாங்களே, உண்மையா?

மகாஓயாவில் பல கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. மிகச் சூடானது 55 பாகையளவில் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும். கை வைக்க முடியாது என்பது உண்மை; முட்டை அவியும் என்பது கதை.

ஆவி பறக்குதே சேர், அதால டர்பைனைச் சுத்தேலாதா?

காலையில் கிணற்றுக்கு மேல் தெரிவது கொதித்து வரும் நீராவி இல்லை. சூடான ஈரக்காற்று குளிர்காற்றில் பட்டுப் பனிமூட்டம் போல ஆவதுதான். டர்பைனைச் சுற்ற அமுக்கம் வேண்டும். 55 பாகைத் தண்ணீரின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தாலியில் லார்டெரெல்லோ என்ற இடத்தில் நிலத்திலிருந்து நீராவியே பீறிட்டு வருகிறது. 1904இல் அதைக் கொண்டு ஐந்து பல்புகளை எரித்துக் காட்டினார்கள். புவிவெப்ப மின்சாரம் தொடங்கியது அங்கேதான். ஐஸ்லாந்தும் அந்த வகை, அது எரிமலை நிலம். அந்தப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு மகாஓயாவைப் பார்க்கக் கூடாது.

மறுகா கொதிக்காத தண்ணியில மற்ற நாடுகள் எப்படிக் கரண்ட் எடுக்குது?

தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. தண்ணீரின் சூட்டை, குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் வேறொரு திரவத்துக்குக் கொடுக்கிறார்கள். பென்ரேன் 36 பாகையில் கொதிக்கும். ஐசோபியூற்றேனும், கார் ஏசியில் போடும் ஆர் 134ஏ காஸும் பூச்சியத்துக்குக் கீழேயே கொதித்துவிடும். இப்படியான திரவம் மூடிய குழாய்க்குள் ஆவியாகி, அமுக்கத்தோடு டர்பைனைச் சுற்றி, அப்புறம் குளிர்விக்கப்பட்டுத் திரும்பத் திரவமாகி, பம்பியால் மீண்டும் உள்ளே தள்ளப்படும். சுடுதண்ணீர் ஒரு பக்கத்தால் வந்து சூட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், இரண்டும் கலப்பதில்லை. இதற்குப் பெயர் ஓர்கானிக் ராங்கின் சக்கரம்.

புதிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ரஷ்யாவின் கம்சாத்காவில் பரதுன்கா என்ற இடத்தில் 1967இலேயே 81 பாகைத் தண்ணீரை வைத்து இப்படி மின்சாரம் எடுத்தார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவில் சேனா ஹொட் ஸ்பிறிங்ஸ் என்ற உல்லாச விடுதி 2006இல் 74 பாகைத் தண்ணீரில் 200 கிலோவாற்று இயந்திரங்கள் இரண்டை ஓடவிட்டது.

அலாஸ்காவில 74 பாகையில ஏலுமெண்டா நமக்கு 55 பாகையில ஏன் ஏலாது? கொஞ்சம்தானே குறைவு?

எல்லாரும் சறுக்கும் இடம் இது. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டோடு ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. அங்கே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும். வெப்பத்தில் அந்த உயரத்தின் இடத்தில் இருப்பது சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். சேனாவில் குளிர்விக்கும் தண்ணீர் 4 பாகை. 74க்கும் 4க்கும் இடையே 70 பாகை இறக்கம். நமக்கு ஆற்றுத் தண்ணீரை எடுத்தாலும் கிணற்றுத் தண்ணீரை எடுத்தாலும் குளிர்ந்த பக்கம் 30 பாகையை ஒட்டித்தான் நிற்கும். 55க்கும் 30க்கும் இடையே வெறும் 25.

பிரெஞ்சுக்காரரான சாதி கார்னோ 1824இல் சொன்ன எல்லை இது: எந்த இயந்திரமானாலும், வெப்பநிலை வித்தியாசத்தைச் சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வருவது) வகுத்தால் வரும் பங்குக்கு மேல் வேலையாக்க முடியாது. சேனாவுக்கு 70ஐ 347ஆல் வகுக்க 20 வீதம். நமக்கு 25ஐ 328ஆல் வகுக்க 7.6 வீதம். இது கடவுளே இயந்திரம் செய்து கொடுத்தாலும் தாண்ட முடியாத மேல்எல்லை. இவ்வளவு குறைந்த சூட்டில் உண்மையான இயந்திரம் இதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. சேனா எடுப்பது சுமார் 8 வீதம். நம்முடைய 25 பாகையில், சூட்டை ஒரு திரவத்திலிருந்து மற்றதுக்குக் கடத்தும் வெப்பமாற்றிகளே இரு பக்கமும் ஐந்தைந்து பாகையைத் தின்றுவிடும். மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் 2 வீதம் கிடைத்தால் பெரிய காரியம்.

ஆக, நமக்குக் குறைவது சூடு மட்டும் இல்லை. குளிரும்தான். மகாஓயாவைத் தூக்கி அலாஸ்காவில் வைத்தால் கதை வேறு.

சரி, கணக்குப் போட்டுக் காட்டுங்க. எத்தனை யுனிட் வரும்?

ஒரு செக்கனுக்கு ஒரு லீற்றர் சுடுதண்ணீர் கிடைக்கிறது என்று வைப்போம். அதன் சூட்டில் 10 பாகையை நாம் எடுத்துக்கொள்கிறோம். தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4.2, அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோயூல்; ஆகவே கிடைக்கும் வெப்பம் 42 கிலோவாற்று. கேட்கப் பெரிசாக இருக்கும். அதில் 2 வீதம் 0.84 கிலோவாற்று. நாள் முழுக்க ஓடினால் 20 யுனிட்.

இதிலிருந்து சுடுதண்ணீர்ப் பம்பி, குளிர்தண்ணீர்ப் பம்பி, திரவத்தைத் தள்ளும் பம்பி மூன்றுக்கும் கரண்ட் கழிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் என்ற ஊரில் 98 பாகைத் தண்ணீரில் ஓடிய நிலையம் 120 கிலோவாற்று உற்பத்தி செய்து, அதில் 40ஐத் தானே செலவழித்து, 80ஐத்தான் ஊருக்குக் கொடுத்தது. அதையும் 2018இல் மூடிவிட்டார்கள். நம்முடைய வெப்பநிலையில் பாதி போனாலும் ஆச்சரியமில்லை. அப்போது மிஞ்சுவது நாளைக்கு 10 யுனிட். மட்டக்களப்பு வெயிலில் ஒரு கிலோவாற்று சோலார் நாளைக்கு ஏறக்குறைய 4 யுனிட் தரும். கூரையில் ஐந்தாறு பனல் போட்டால் அதே 10 யுனிட் வந்துவிடும். டர்பைனும் இல்லை, காஸும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை.

ஆனா சோலார் இரவில வேலை செய்யாதே? இது 24 மணித்தியாலமும் ஓடும்தானே?

நியாயமான கேள்வி. புவிவெப்பத்தின் பெரிய பலமே அதுதான். நல்ல நிலையங்கள் வருஷத்தில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஓடும். மழையோ முகிலோ அதைப் பாதிக்காது. 100 பாகைக்கு மேல் தண்ணீர் இருந்தால் நானும் உங்கள் கட்சி. 10 யுனிட்டுக்காக மட்டும் என்றால், சோலாரோடு ஒரு பற்றரி வாங்குவது இலேசு.

ஆழமாத் தோண்டினா இன்னும் சூடு கிடைக்கும்தானே?

கிடைக்கும். ஊற்று நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவின் அளவை வைத்து அந்தத் தண்ணீர் ஆழத்தில் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று கணிக்கும் முறை உண்டு. இலங்கை ஊற்றுகளுக்கு அப்படிக் கணித்தவர்கள் 100 பாகையை ஒட்டியும் தாண்டியும் மதிப்பீடு சொல்லியிருக்கிறார்கள். கண்டியில் இருக்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நிலத்தின் மின்கடத்தலை அளந்து அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வேலையையும் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வெப்பநிலைக்கு நல்ல உதாரணம் வடதாய்லாந்தின் ஃபாங். நம்மைப் போல வெக்கையான நாடு. 1989 முதல் 100 பாகையைத் தாண்டிய தண்ணீரில் 300 கிலோவாற்று நிலையம் ஒன்றை நடத்துகிறார்கள். பகலில் வெக்கை கூடும்போது அதன் உற்பத்தியும் குறைகிறது. காரணம் முன்னர் சொன்ன குளிர்ந்த பக்கம்தான்.

ஆனால் ஃபாங்கில் சூடு மேலேயே இருக்கிறது. நமக்கு 25 பாகைக் கணக்கில் 100 பாகையைத் தொட மூன்று கிலோமீற்றர் இறங்க வேண்டும். அந்த ஆழத்துக்கு ஒரு கிணறு என்றால் பல மில்லியன் டொலர். அடியில் இருப்பது கடும் பாறை. சூடு இருந்தாலும் தண்ணீர் ஓடும் வெடிப்பில் துளை போய்ச் சேராவிட்டால் பணம் போனது போனதுதான். இன்னொரு எண்ணையும் பாருங்கள்: சாதாரண நிலத்தில் ஒரு சதுர மீற்றருக்குக் கீழிருந்து வரும் வெப்பம் சராசரியாக 65 மில்லிவாற்று. ஒரு சதுர கிலோமீற்றருக்கு 65 கிலோவாற்று. அதைவிட வேகமாக எடுத்தால், பாறை சேர்த்து வைத்திருக்கும் சூட்டைக் கரைக்கிறோம் என்று அர்த்தம். பல பத்தாண்டுக்குத் தாக்குப் பிடிக்கும், ஆனாலும் முடிவில்லாதது என்று சொல்ல முடியாது.

அப்படித் தோண்டினா நிலநடுக்கம் வருமாமே?

தானாக வரும் ஊற்றைப் பயன்படுத்துவதால் வராது. வெடிப்பில்லாத பாறைக்குள் அமுக்கத்தோடு தண்ணீரை அடித்து வெடிப்பு உண்டாக்கும்போதுதான் பிரச்சினை. சுவிற்சர்லாந்தின் பாசலில் 2006இல் அப்படிச் செய்தபோது 3.4 அளவில் அதிர்ந்தது, திட்டத்தைக் கைவிட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் 5.4. நம் பக்கம் ஆழ்துளை யோசிக்கும் ஆட்கள் இந்த இரண்டையும் முதலில் படிக்க வேண்டும்.

யூடியூப்பில ஒருத்தர் சின்னத் தகடு ஒண்டைச் சுடுதண்ணியில வைச்சு பல்பு எரிக்கிறாரே? அதுக்கு டர்பைனும் இல்லையே?

அது வெப்பமின் தகடு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் இருந்தால் சிறிய மின்னோட்டம் தரும். பொய் இல்லை. ஆனால் கார்னோ எல்லை அதற்கும் உண்டு. 25 பாகை வித்தியாசத்தில் ஒரு வீதம்கூடத் தராது. நாலு சென்ரிமீற்றர் தகட்டில் அரை வாற்றுக்கும் குறைவு. ஒரு சின்ன எல்ஈடிக்கு அது காணும், அதனால் காணொளிக்கும் காணும். பாடசாலைக் கண்காட்சிக்கு நல்ல சாமான்.

கன்னியாவில ஏன் செய்யிறதில்ல? அது பேர் போன இடமாச்சே?

கன்னியாத் தண்ணீர் 40 பாகையளவுதான். மேலே போட்ட கணக்கை 40க்குப் போட்டால் கார்னோ எல்லையே 3 வீதத்தில் நிற்கும். அதோடு, இறந்தவர்களுக்குக் கிரியை செய்யச் சனம் போகும் இடம் அது. அங்கே இயந்திரம் வைக்க யோசிப்பதே தேவையில்லாத வேலை.

தூய்மையான கரண்ட் எண்டுறாங்க. ஏசி காஸ் லீக் ஆனா அது தூய்மையா?

இல்லை. ஆர் 134ஏ ஒரு கிலோ வெளியே போனால், நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,400 கிலோ காபனீரொட்சைட்டு போனதற்குச் சமம். பென்ரேன், ஐசோபியூற்றேன் அந்தக் கெடுதலைச் செய்யாது, ஆனால் பத்திக்கொள்ளும். ஒழுங்காகப் பராமரித்தால் சுற்று மூடியே இருக்கும், புகையே வராது. கெடுவது பராமரிப்பில்தான். தண்ணீர் விஷயமும் உண்டு: வெந்நீரூற்று நீரில் புளோரைட்டு கூடுதலாக இருப்பது வழக்கம். சூட்டை எடுத்த பிறகு அதை வயல் வாய்க்காலில் விடாமல் நிலத்துக்குள்ளேயே திருப்பி அனுப்புவது நல்லது.

நம்மட மில்லுல போயிலர்ப் புகை 200 பாகையில சும்மா போகுது. அதுல இந்த மெஷினைப் பூட்டலாமா?

அம்பாறைப் பக்கத்து ஆலைக்காரர்கள் கேட்பது. என் பார்வையில் வெந்நீரூற்றைவிட இது கெட்டிக்காரக் கேள்வி. 200 பாகை என்றால் இறக்கம் 170; கார்னோ எல்லை 36 வீதம். உமி எரிக்கும் ஆலைக்கு எரிபொருளும் இலவசம், நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே.

ஆனால் அளவைப் பாருங்கள். மணிக்கு 500 கிலோ உமி எரித்தால் வெப்பம் ஏறக்குறைய 1,900 கிலோவாற்று. அதில் புகையோடு போவது 300 என்று வைப்போம். புகையை அளவுக்கு மீறிக் குளிரவிட்டால் குழாயில் அமிலம் படியும்; ஆகவே பாதியைத்தான் எடுக்கலாம், 150. இந்த அளவு இயந்திரம் எட்டு, பத்து வீதம் தரும். 12 முதல் 15 கிலோவாற்று. உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. வெப்பமாற்றிக் குழாயை அடைத்துக்கொண்டே இருக்கும். அதே 150 கிலோவாற்றைக் கொண்டு போயிலருக்குப் போகும் தண்ணீரை முன்சூடாக்கினால், அல்லது அவித்த நெல்லைக் காயவைத்தால், வெப்பம் முழுவதும் பயன்படும். முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறமும் சூடு மிஞ்சினால் மின்சாரத்தை யோசிக்கலாம்.

அப்ப மகாஓயாச் சூட்டால ஒரு பிரயோசனமும் இல்லையா?

மின்சாரமாக்காமல் சூடாகவே பயன்படுத்தினால் நிறைய இருக்கிறது. முன்னர் சொன்ன 42 கிலோவாற்றில் 2 வீதத்தை எடுத்துக்கொண்டு 98 வீதத்தைக் கொட்டுவதற்குப் பதில், முழுவதையும் காற்றுக்குக் கொடுங்கள். 55 பாகைத் தண்ணீரால் காற்றை 40, 45 பாகைக்குச் சூடாக்கலாம். தானியம் காயவைக்க அதுதான் சரியான சூடு. விதைநெல்லை 43 பாகைக்கு மேல் காயவிட்டால் முளைதிறன் கெடும். விறகு அடுப்பில் அந்த வரம்பைக் காப்பது கஷ்டம், 55 பாகைத் தண்ணீரோ நினைத்தாலும் வரம்பை அதிகம் தாண்டாது.

ஒரு கிலோ ஈரத்தை எடுக்க, உலர்த்தியின் விரயத்தையும் சேர்த்து 5 மெகாயூல் என்று வைத்தால், 42 கிலோவாற்று மணிக்கு 30 கிலோ தண்ணீரை நெல்லிலிருந்தோ சோளத்திலிருந்தோ எடுத்துவிடும். மகாஓயா, பதியத்தலாவைப் பக்கம் சோளம் போடுகிறவர்கள் அதிகம். பெரும்போக அறுவடையில் மழை பிடித்தால் நெல்லை வீதியில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கருவாட்டுக்கும் இந்தச் சூடு பொருந்தும், ஆனால் வாழைச்சேனை மீனைப் புல்லுமலை தாண்டிக் கொண்டுபோகும் லொறிச் செலவு அதைத் தின்றுவிடும். விசிறிக்கு வேண்டிய கரண்டைக் கூரைச் சோலார் கொடுக்கட்டும்.

கடல்லயும் இப்படிக் கரண்ட் எடுக்கலாமாமே? நமக்குக் கடல் இருக்கே?

தத்துவம் ஒன்றுதான். மேல்கடல் 28 பாகை, ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் ஐந்தாறு பாகை. நமக்கு இல்லாத குளிர் அங்கே கிடக்கிறது. கிழக்குக் கரையில் கடல் சீக்கிரமே ஆழமாவதும் சாதகம். ஜப்பானின் குமேஜிமாத் தீவில் 2013இல் 100 கிலோவாற்று நிலையம் ஒன்று தொடங்கினார்கள். ஆனால் இறக்கம் 22 பாகைதான். எல்லை 7 வீதம். ஒரு கிலோமீற்றர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்குவது பெரும்பாடு. தூத்துக்குடிக்கு அப்பால் இந்தியா செய்த முயற்சி குழாய் இறக்குவதிலேயே நின்றுபோனது. அதே ஆட்கள் இலட்சத்தீவின் கவரத்தியில் 2005இல் இதே வெப்பநிலை வித்தியாசத்தை மின்சாரத்துக்கு இல்லாமல் குடிநீர் எடுக்கப் பயன்படுத்தினார்கள். நாளைக்கு ஒரு இலட்சம் லீற்றர். அது வெற்றி.

சீனாவில 10 கிலோவாற்று மெஷின் விக்கிறாங்க, "70 பாகை போதும்" எண்டு போட்டிருக்கு. வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: 10 கிலோவாற்று எந்தக் குளிர்தண்ணீர் வெப்பநிலையில்? செக்கனுக்கு எத்தனை லீற்றர் சுடுதண்ணீர் வேண்டும்? பம்பிகளுக்குப் போவதைக் கழித்த பிறகா, முன்னரா? காஸ் எது, மீள்நிரப்ப ஆள் எங்கே? முதல் கேள்விக்கு "15 பாகை" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். நாட்டின் மின் வலையமைப்புக்கு விற்கும் எண்ணம் என்றால், 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

எங்கட பாடசாலைப் பிள்ளைகள் இதில செய்யக்கூடிய செயற்திட்டம் ஏதும் இருக்கா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் "ஒரு லீற்றர் என்று வைப்போம்" என்று சொன்ன இடத்தில் உண்மையான எண்ணைப் போடுங்கள். கிணறுகளிலிருந்து தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். ஒவ்வொரு கிணற்றின் வெப்பநிலையையும் ஒரே வெப்பமானியால், மேற்பரப்பிலும் ஒரு முழ ஆழத்திலும் எடுங்கள். மார்கழி மழைக்குப் பிறகு ஒரு தடவை, ஆவணி வரட்சியில் ஒரு தடவை. குளிக்க வந்தவர்கள் வாளியால் அள்ளும் நேரத்தில் அளக்க வேண்டாம், எண் பிழைக்கும், விடியற்காலை நல்லது. கையைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.